படுவான்கரையிலிருந்து திறைசேரிக்கு ஒரு திறந்த மடல்

திறைசேரியில் வரவு செலவுத் திட்டம் எழுதுகிறவர்களுக்கும், சிறுவர் அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

காலியாக இருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் பதவியை நிரப்பும்படி எங்கள் கிராமச் சிறுவர் குழு எழுதிய மூன்று கடிதங்களுக்கு ஒரு பதில் வந்திருக்கிறது. மொத்தம் நாலு வரி. நாட்டின் நிதி நிலைமை சீரடைந்ததும் வெற்றிடம் நிரப்பப்படும் என்பது அதன் சாரம். அனுப்பிய அலுவலகம் எது என்று நான் எழுதப்போவதில்லை. எந்த அலுவலகத்தைக் கேட்டிருந்தாலும் இதே நாலு வரிதான் வந்திருக்கும்.

அந்த வெற்றிடம் நான் இருந்த கதிரை. 27 வருடம் நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்தேன். கடைசி 11 வருடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அரச ஊழியர்களின் ஓய்வு வயதை 65இலிருந்து 60க்கு இறக்கியபோது, 2022 டிசம்பர் 31ஆம் திகதி, 60 தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனோம். எனக்கு அப்போது 61. போனதில் மனக்குறை இல்லை, முழங்கால் அதற்கு முன்பே என்னுடன் சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தது. குறை என்னவென்றால், என் கோப்புகளைப் பாரமெடுக்க ஆள் வரவில்லை. பக்கத்துப் பிரிவு உத்தியோகத்தரைப் பதில் கடமைக்குப் போட்டார்கள், தன் வேலையோடு என் வேலையையும் தற்காலிகமாகப் பார்க்க. இன்றைக்கும் அவர்தான் பதில் கடமை.

நிதி நிலைமை சீரடைந்ததும் என்கிறீர்கள். சரி, உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். அடுத்த வருடம் அதே மாதத்துக்கு முன்பே அது ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. 2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. நாட்டுக்குச் சீரடைந்துவிட்டது, அந்தக் கதிரைக்கு மட்டும் இன்னும் இல்லை.

எங்கள் வேலை என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கடிதம் எழுதுகிற வேலை என்றால் கடதாசியைக் குறைத்துச் சமாளிக்கலாம். எங்களுடையது போகிற வேலை. 1939ஆம் ஆண்டின் சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு பிள்ளையின் விடயம் நீதிமன்றத்துக்கு வந்தால், அந்தப் பிள்ளையின் வீட்டு நிலைமையை நேரில் பார்த்து நீதவானுக்கு அறிக்கை கொடுப்பது நாங்கள். அடுப்புச் சாம்பல் இன்று எரிந்ததா, நேற்று எரிந்ததா என்று பார்க்க வேண்டும். யார் முற்றத்துக்கு வந்ததும் பிள்ளை பேச்சை நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். இதைத் தொலைபேசியில் பார்க்க முடியாது. 2022இல் எங்களையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைகளில் அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று லீவும் தந்தார்கள். நானும் கத்தரி நட்டேன், நன்றாகவே காய்த்தது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அடி விழாது என்று உங்களுக்கு யார் சொன்னது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கொழும்பில் வரிசைகளைப் பார்த்த பிறகுதான் நாட்டுக்கு நெருக்கடி என்று தெரிந்தது. படுவான்கரைக்கு அது ஒரு வருடம் முந்தியே வந்துவிட்டது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தீர்கள். அந்தப் பெரும்போகம் வெட்டிய பிறகு மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு வயல் வட்டைக்குள்ளேயே குந்திவிட்ட ஆட்களை நான் கண்டேன். வயல் சொந்தக்காரரான போடியாருக்கே நெல் இல்லை, கூலிக்கு யாரைக் கூப்பிடுவார்? கூலி போனதும் தாய்மார் வெளிக்கிட்டார்கள். 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் வேலைக்காக வெளிநாடு போனார்கள். வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களின் குறைந்த வயதை 21 ஆக்கினீர்கள். சின்னப் பிள்ளைகளின் தாய்மாரிடம் 2013இலிருந்து கேட்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கையையும் தளர்த்தினீர்கள். டொலர் தேவை, விளங்குகிறது. அந்த அறிக்கை பெண்களை மறிக்கத்தான் உதவியது என்று அதை வெறுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதன் சாட்டிலாவது ஒரு உத்தியோகத்தர் அந்த வீட்டுப் படியேறினார். தாயை அனுப்பிய கையோடு, விட்டுப்போன பிள்ளையை யார் போய்ப் பார்ப்பது என்றும் யோசித்திருக்க வேண்டும்.

2022 ஜூன் 27ஆம் திகதி, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தீர்கள். சுகாதாரம், பாதுகாப்பு, துறைமுகம், உணவு விநியோகம், விவசாயம் எல்லாம் சொன்னீர்கள். பிள்ளைகளைப் பாதுகாக்கிற வேலையைச் சொல்லவில்லை. யாரும் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார்கள். ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

ஜூன் 29, புதன்கிழமை. சிறுவர் உதவித் தொலைபேசியான 1929 இலக்கத்துக்கு அயலவர் ஒருவர் சொன்ன தகவல் கை மாறி எனக்கு வந்தது. ஒன்பது வயதுப் பெண் பிள்ளை. தாய் குவைத்துக்குப் போய் நாலு மாதம். தகப்பன் எப்போதோ விட்டுப் போனவர். அம்மம்மாவுடன் இருக்கிறாள். வெளியூர் வானொன்று இரண்டு தரம் வந்து போயிருக்கிறது, பிள்ளையைக் கேட்கிறார்கள் போல. இவ்வளவுதான் தகவல்.

என் ஸ்கூட்டியில் ஒரு சொட்டு இல்லை. அலுவலகத்தில் சீல் குத்திய கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு பெற்றோல் ஷெட்டுக்குப் போனேன். வரிசைக்குக் காவல் நின்றவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டொக்டரா என்றார். இல்லை. நேர்ஸா என்றார். இல்லை. அப்போ மிஸ் என்ன வேலை என்றார். சொன்னேன். அவர் கையில் இருந்த தாளில் அப்படி ஒரு வேலை இருக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, தாளை எழுதியது அவரல்ல. வியாழன் வேறொரு ஷெட். வெள்ளி, பஸ் வரும் என்று நின்றேன், வரவில்லை. சனிக்கிழமையும் அப்படியே. ஞாயிறு, ஜூலை 3, பாதி வழி பஸ்ஸில் போய், மிச்சம் ஏழு கிலோமீற்றரை இரவல் சைக்கிளில் போனேன்.

முற்றத்தில் ஒரு சின்ன ரப்பர் செருப்பு கிடந்தது. ஒன்றுதான்.

“மற்றது அறுந்து போச்சு மிஸ். புதுசு வாங்கித் தாறம் எண்டு சொல்லித்தான் புள்ளயக் கூட்டிப் போனாங்க” என்றார் அம்மம்மா. முந்தநாள் காலையில். படிப்பிக்கிறோம், வீட்டில் சின்னச் சின்ன உதவிதான் என்றார்களாம். குசினி மூலையில் பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்று பிரிக்காமல் நின்றது. அதை அவர் எனக்கு மறைக்கவும் இல்லை. “நீங்க வருவீங்க எண்டு ரெண்டு நாள் பாத்தன் மிஸ்” என்று மட்டும் சொன்னார். அயலவர் தகவல் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பொலிஸ் சிறுவர் பெண்கள் பிரிவும் நானும் பதினொரு கிழமை தேடினோம். வேறு மாவட்டத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்குகள் சவர்க்காரத்தில் வெந்து வெளுத்திருந்தன. வேலைக்கு வைக்கும் குறைந்த வயதை 16 ஆக்கி 2021இல் சட்டம் திருத்திய நாடு இது. அவளைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். அவளை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை மாற்றவில்லை. அன்றைக்கு ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய். என் ஸ்கூட்டி அங்கே போய்த் திரும்ப இரண்டு லீற்றர் போதும். 940 ரூபாய். அந்த 940 ரூபாய் மிச்சம் பிடித்ததற்குப் பிறகு பதினொரு கிழமைத் தேடுதல், இரண்டு மாவட்டத்துப் பொலிஸ் ஜீப்புகள், வைத்திய பரிசோதனை, எத்தனையோ வழக்குத் தவணை. சிக்கனம் என்று இதற்குப் பெயர் வைத்தவர் யாரோ, அவர் ஒரு நாள் எங்கள் பயணப்படிக் கோப்பைப் பார்க்க வேண்டும். அந்த வருடம் நான் அனுப்பிய நாலு மாதக் கிளெய்ம் ‘நிதி இல்லை’ என்று பென்சிலில் எழுதித் திரும்பி வந்தது. பென்சிலில் எழுதினால் பிறகு அழிக்கலாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

இனி நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லவேண்டும்.

2022இல் என் மேசைக்கு வந்த குடும்பங்களில் பல, அடியாலும் வதையாலும் வந்தவை அல்ல. பிள்ளையின் கையைப் பிடித்து, ஒரு சொப்பிங் பையில் இரண்டு சட்டையை மடித்து வைத்துக்கொண்டு, “மிஸ், இவனை ஹோமுக்கு எடுங்க” என்று வந்தவர்கள். ஓய்வுக்குப் பிறகும் வீட்டுக்கே வந்தார்கள். ஹோமில், அதாவது சிறுவர் இல்லத்தில், மூன்று வேளை சோறு கிடைக்கும், அதுதான் காரணம். ஆனால் வறுமைக்காக மட்டும் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்பது நாங்கள் படித்த பாடம். நிறுவனத்தில் விடுவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2019இல் வந்த மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கையும் சொல்கிறது. ஆகவே, இல்லத்தில் சேர்க்கும் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ‘அரிசி இல்லை’ என்று நான் எழுதவில்லை. ‘பொருத்தமான பராமரிப்பாளர் இன்மை’ என்று எழுதினேன். அப்படி எழுதிய ஒரு நாள் பக்கத்தில் நின்ற அம்மம்மா வாசிக்கத் தெரியாதவர். கூட்டி வந்த பிள்ளையை எட்டு வருடம் வளர்த்தவர். அவரைத்தான் இல்லை என்று எழுதினேன்.

எத்தனை உத்தியோகத்தர்கள் இப்படி எழுதியிருப்பார்கள்? உங்கள் புள்ளிவிபரத்தில் அதனால் வறுமை தெரியாது. பராமரிப்பாளர் இல்லாத பிள்ளைகள்தான் தெரிவார்கள். நாட்டின் சிறுவர் இல்லங்களில் சுமார் 10,000 பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ, இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். உலக வங்கிக் கணக்கில் நாட்டின் வறுமை 2021இல் 13.1 சதவீதம், 2022இல் 25 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் அந்தச் சொப்பிங் பைகள் வந்தன.

ஹோம்களையும் நான் குறை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு இல்லத்துச் சுவரில் பெரிய கலண்டர் ஒன்று தொங்கும். லண்டனில், ரொறன்ரோவில் இருக்கிற நம் ஆட்கள் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள், அந்த நாட்களில் சிவப்பு வட்டம் போட்டிருக்கும். நல்ல மனம், யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் ஹோமுக்குச் சோறு கொடுக்க ஆளிருக்கிற ஊரில், அம்மம்மா வீட்டு அடுப்புக்குக் கொடுக்க ஆளில்லை. அரசாங்கமும் அதே மாதிரித்தான் நடக்கிறது. பிள்ளை இல்லத்துக்குள் போனால் தலைக்கு இவ்வளவு என்று ஒரு கொடுப்பனவு இருக்கிறது, சின்னத் தொகைதான். அம்மம்மாவுடன் நின்றால், வளர்க்கிறார் என்பதற்காக அவருக்கு வருவது ஒன்றுமில்லை.

வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசுமக் கொடுப்பனவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கியபோது மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 என்று நாலு வகை வைத்தீர்கள். என் பிரிவில் ஒரு அம்மம்மாவின் பெயர் முதல் பட்டியலில் வரவில்லை. மேன்முறையீடு எழுதிக்கொடுத்தேன், 8,500 வகைக்குள் வந்தார். மகள்வழிப் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரை ஹோமிலிருந்து திரும்பக் கூட்டி வந்தார். பிள்ளைகளைப் பிரித்ததும் சேர்த்ததும் 8,500 ரூபாய் என்றால், நாங்கள் நீதிமன்றத்தில் பக்கம் பக்கமாக எழுதிக்கொடுத்ததெல்லாம் எதற்கு?

ஆனால் பணம் போனால் போதாது, ஆளும் போக வேண்டும். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த ஒப்பந்தத்தில் சமூகச் செலவுக்குக் கீழ் எல்லை ஒன்று வைத்திருக்கிறீர்கள், அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று. நல்ல விடயம். அதில் எண்ணப்படுவது அஸ்வெசும, முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் கொடுப்பனவுகள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போக வேண்டிய உத்தியோகத்தரின் கதிரையும் பெற்றோலும் அந்த எல்லைக்குள் வருவதில்லை. ஆகவே எதைக் குறைத்தாலும் யாரும் கேள்வி கேட்காத இடம் எங்களுடையது. கத்தி அங்கேதான் இறங்கியது. ஆட்சேர்ப்பை நிறுத்தினீர்கள். ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டீர்கள். எங்கள் பக்கத்தில் நன்றாக வேலை செய்த இளம் உத்தியோகத்தர்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

நன்னடத்தை மாகாணத்துக்குரிய விடயம், மாகாணத்தைக் கேளுங்கள் என்று பதில் வரும். தெரியும், 27 வருடம் கேட்ட பதில்தான். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. நாங்கள் போய்க் கேட்பதற்குத் தெரிவுசெய்யப்பட்ட ஆள் ஒருவர் அங்கே இல்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத்துக்கு, சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திக்கு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு வேறு ஆள், பொலிஸில் வேறு ஆள். தாளில் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு நாலு உத்தியோகத்தர். அன்றைக்கு நாலு பேரையும் சேர்த்து ஏற்றிப்போக ஒரு வாகனம் இருக்கவில்லை.

நான் கேட்பது இவைதான்.

முதலாவது, அந்த வெற்றிடங்கள். என் கதிரை மட்டுமல்ல, நாடு முழுக்க நன்னடத்தை, சிறுவர் உரிமை, சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் பதவிகளில் எத்தனை காலி, எந்தப் பிரதேச செயலகப் பிரிவில், எப்போதிலிருந்து என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். ஆட்சேர்ப்பு நிறுத்தம் எப்போது வந்தாலும் இந்தப் பதவிகளுக்கு விலக்குக் கொடுங்கள். பதில் கடமை ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது.

பெற்றோல். அடுத்த நெருக்கடிக்கான அத்தியாவசிய சேவைப் பட்டியலை இப்போதே எழுதி, இந்த உத்தியோகத்தர்களைப் பதவிப் பெயர் சொல்லி அதில் சேருங்கள். ஷெட்டில் நிற்கிறவர் கையில் இருக்கும் தாளில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். பயணப்படியை எரிபொருள் விலையோடு சேர்த்து ஏற்றி இறக்குங்கள், மற்றச் செலவுகளுக்கு அதிலிருந்து எடுக்க முடியாதபடி தனியாக ஒதுக்குங்கள்.

பிள்ளையை வளர்க்கிற அம்மம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மாமாவுக்கும், ஒரு பிள்ளைக்காக இல்லத்துக்குக் கொடுப்பதைவிடக் குறையாத ஒரு தொகையை மாதாமாதம் கொடுங்கள். தாய் வெளிநாட்டில் என்பதற்காக அந்த வீட்டைத் தள்ளிவிட வேண்டாம். அங்கிருந்து காசு வராத மாதங்களை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாடு போகும் தாயின் பெயர் பதிவாகும் நாளிலேயே அவருடைய பிள்ளைகள் இருக்கும் வீட்டு விலாசம் பிரதேச செயலகத்துக்குப் போகட்டும். அவரை மறிப்பதற்கு அல்ல, மூன்று மாதத்துக்கு ஒரு தரமாவது யாராவது அந்த வீட்டுக்குப் போய் வருவதற்கு.

இல்லத்தில் சேர்க்கும் படிவத்தில் ‘வறுமை’ என்று ஒரு கட்டம் போடுங்கள். உண்மையை எழுதியதற்காக உத்தியோகத்தரிடம் விளக்கம் கேட்கமாட்டோம் என்று ஒரு சுற்றறிக்கையும் அனுப்புங்கள். அந்தக் கட்டத்தில் எத்தனை அடையாளம் விழுந்தது என்பதை வருடா வருடம் பாராளுமன்றத்தில் வையுங்கள். 1929க்கு வந்த அழைப்புகளின் எண்ணிக்கையோடு, அழைப்பு வந்து எத்தனையாவது நாள் ஒரு ஆள் அந்த வீட்டு முற்றத்தில் நின்றார் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இதற்கான பதிலை எனக்கு அனுப்பத் தேவையில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். அடுத்த வரவு செலவுத் திட்டம் வாசிப்பதற்கு முன் அந்தக் கதிரைக்கு ஒருவரை நியமித்து, பதிலை அவர் பெயருக்கு அனுப்புங்கள். கோப்புகள் இரண்டாவது இரும்பு அலுமாரியில், கீழ்த் தட்டில் இருக்கின்றன. சாவி பதில் கடமை உத்தியோகத்தரிடம்.

ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர்,
மட்டக்களப்பு மாவட்டம்